ஜேட் மாசத்துல சபீல் வைக்கிறது எப்படி: பினாங்குல நாங்க செய்யற முறை

ஜேட் மாசத்துல பஞ்சாபி சீக்கியர்கள் வைக்கற தண்ணீர் பந்தல்தான் சபீல். முதல்ல மாசத்த சரியா பிடிங்க, ஏன்னா நம்ம ஆளுங்க தடுக்கி விழறது அங்கதான். பஞ்சாபி காலண்டர்ல வைசாக்னு ஒரு மாசம் இருக்கு, அத பாத்த உடனே நம்ம வைகாசின்னு நினைச்சுக்குவோம், ஆனா அது வைகாசி இல்ல. நமக்கு சித்திரை 1 பொறக்குற அதே ஏப்ரல் 13, 14 வாக்குலதான் அவங்களுக்கு வைசாக் பொறக்குது, வைசாக்கின்னு கொண்டாடுறாங்களே அது. அதுக்கு அடுத்த மாசம் ஜேட். மே நடுவுல ஆரம்பிச்சு ஜூன் நடுவுல முடியும், அதுதான் நம்ம வைகாசி. சூரியன் ரிஷபத்துக்குள்ள போற கணக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், பேரு மட்டும் ஒரு மாசம் தள்ளி நிக்குது. இதே மாதிரி அவங்க ஹார் மாசம் நம்ம ஆனில வரும், அவங்க ஸாவண் நம்ம ஆடில வரும், ஆனா ஸாவண்ங்கற பேரு கேட்டா ஆவணி மாதிரி இருக்கும். இத ஒரு தடவ மனசுல வாங்கிட்டீங்கன்னா அப்புறம் குழப்பமே இல்ல, வீட்டுல மாட்டியிருக்கற தமிழ் காலண்டர வச்சே பஞ்சாபி மாசத்த சொல்லிடலாம்.

நாங்க இருக்கறது ஜெலுத்தோங் பக்கம் ஒரு ஃபிளாட்டுல. பக்கத்து வீட்டுல ஒரு பஞ்சாபி ஆன்ட்டி, வயசு எழுபதுக்கு மேல. அவங்களுக்கு தமிழ் கொஞ்சம் புரியும், எனக்கு பஞ்சாபி வராது, ரெண்டு பேரும் மலாய்லதான் பேசிக்குவோம். ஆறு வருஷமா ஜேட் மாசத்துல கீழ்த்தளத்துல நானும் அவங்களும் சேர்ந்து சபீல் வைக்கிறோம். சபீல்னா போற வர்ற யாருக்கும், யாரு என்னன்னு கேக்காம, குளுகுளுன்னு இனிப்பு தண்ணி ஊத்திக் குடுக்கறது. நம்ம தண்ணீர் பந்தலேதான். தைப்பூசத்துக்கு தண்ணீர்மலைக்கு போற வழியெல்லாம் பந்தல் போட்டு மோரும் சர்பத்தும் குடுக்கற ஊர்ல பொறந்து வளந்தவங்களுக்கு இத புதுசா சொல்லித் தரவே தேவையில்ல. ஆனாலும் சில விஷயம் வேற மாதிரி இருக்கு, அதத் தெரிஞ்சுக்காம செஞ்சா அவங்க மனசு கஷ்டப்படும், இல்லன்னா பால் கெட்டுப் போகும். ரெண்டுமே நடந்தத நான் பாத்திருக்கேன். அதான் எழுதறேன்.

நாள் எது?

ஜேட் மாசம் முழுக்கவே பஞ்சாப்ல அங்கங்க சபீல் வைப்பாங்க, ஆனா முக்கியமான நாள் சீக்கியர்களோட அஞ்சாவது குரு, குரு அர்ஜன் தேவ் ஜி உயிர் துறந்த நாள். இந்த தேதியிலதான் கொஞ்சம் சிக்கல். 2003-ல வந்த நானக்ஷாஹிங்கற சீக்கிய காலண்டர் படி அது ஹார் மாசம் 2, அதாவது ஜூன் 16, வருஷா வருஷம் மாறாது. ஆனா பழைய பிக்ரமி கணக்குல அது ஜேட் மாச வளர்பிறை சதுர்த்தி, திதி பாத்து வர்றதால வருஷத்துக்கு வருஷம் நகரும். 2024-ல ஜூன் 10 வந்துச்சு, 2025-ல மே 30. எந்த குருத்வாரா, அதாவது சீக்கியர் கோயில், எந்த கணக்குல செய்யறாங்களோ அதுதான் உங்க நாள். அதனால நெட்டுல தேடி ஒரு தேதிய எடுத்துக்காதீங்க, பக்கத்துல இருக்கற குருத்வாராவுல நேரா போய் கேளுங்க. அங்க புனித நூல் படிக்கற கிரந்திகிட்டயோ கமிட்டி ஆளுங்ககிட்டயோ கேட்டா உடனே சொல்லிடுவாங்க. ஏப்ரல் கடைசியிலயே கேட்டு வச்சுக்கிட்டா நல்லது.

மாசம் பொறக்கற நாள சங்கராந்த்னு சொல்வாங்க, நம்ம சங்கராந்தி சொல்தான். ஜேட் சங்கராந்த் மே 14, 15 வாக்குல வரும். அன்னைக்கு குருத்வாராவுல பாரஹ் மாஹாங்கற பன்னிரண்டு மாசப் பாட்டுல அந்த மாசத்துக்கு உண்டான பகுதிய படிப்பாங்க. நமக்கு மார்கழிக்கு பாவை பாட்டு இருக்கற மாதிரி அவங்களுக்கு பன்னெண்டு மாசத்துக்கும் இருக்கு. குரு நானக் பாடினது ஒண்ணு, குரு அர்ஜன் பாடினது ஒண்ணு, ரெண்டும் அவங்க புனித நூலான குரு கிரந்த் சாஹிப்ல இருக்கு. நானக் பாட்டுல ஜேட் மாசத்துல பூமி சூளை மாதிரி காயுதுன்னு வரும், அடுத்த மாசத்துல சூரியன் ஆகாசத்துல எரியுது, பொம்பள ஒருத்தி நிழல் எங்கன்னு தேடுறா, காட்டுல பூச்சி கத்துதுன்னு வரும். ஆன்ட்டி எனக்கு மலாய்ல இத சொன்னப்ப உடம்பு சிலிர்த்துச்சு. பஞ்சாப்ல அந்த நேரம் கோதுமை அறுத்து வயல் மொட்டையா கெடக்கும், வெயில் 45 டிகிரி வரைக்கும் போகும், லூன்னு ஒரு அனல் காத்து அடிக்கும். நம்ம பினாங்குல 32, 33 டிகிரிக்கே நாம புலம்பறோம். அங்க ஜேட் மாசத்துல ரோட்ல நடந்து போற மனுசனுக்கு ஒரு கிளாஸ் தண்ணிங்கறது உயிர்.

ஏன் குடுக்கறோம்னு தெரிஞ்சு குடுங்க

இத விட்டுட்டு நேரா ரெசிப்பிக்கு போகாதீங்க, தயவுசெஞ்சு. குரு அர்ஜன் 1563-ல பொறந்தவர். அந்த புனித நூலோட முதல் வடிவமான ஆதி கிரந்தத்த தொகுத்து 1604-ல அம்ரித்சர் ஹர்மந்திர் சாஹிப்ல, பொற்கோயில்னு சொல்வோமே அதுல, வச்சவர் அவர்தான். 1606-ல முகலாய ராஜா ஜஹாங்கீர் காலத்துல லாஹூர்ல அவர பிடிச்சு வச்சு, ஜேட் மாச வெயில்ல, காய்ஞ்ச இரும்பு தட்டு மேல உக்கார வச்சு, தலையில சுடு மணல கொட்டினாங்கன்னு சீக்கியர்கள் வழி வழியா சொல்லிட்டு வர்றாங்க. கடைசியில ராவி ஆத்துக்கு கொண்டு போனாங்க, அவர் திரும்பி வரல. அந்த வேதனையிலயும், நீ செய்யறது எதுவா இருந்தாலும் எனக்கு இனிப்புதான்னு ஆண்டவன பாத்து சொன்னார்னு சொல்வாங்க. அந்த இனிப்புதான் இந்த தண்ணியில இருக்கற இனிப்பு. அந்த சூட்டுக்கு பதிலாத்தான் இந்த குளிர்ச்சி. அவர எரிச்சவங்கள திட்டி ஒரு வார்த்தை இல்ல, பழி இல்ல, ரோட்ல போற எவனா இருந்தாலும் கூப்பிட்டு குளிர வைக்கறாங்க.

இத ஆன்ட்டி முதல் தடவ சொன்னப்ப எனக்கு உடனே ஞாபகம் வந்தது நம்ம அப்பர் சுவாமிகள். பல்லவ ராஜா அவர சுண்ணாம்பு காளவாயில, நீற்றறைன்னு சொல்வோமே அதுல, ஏழு நாள் போட்டு பூட்டினப்ப அவர் உள்ள உக்காந்து வீணை நாதம் மாதிரி, சாயங்கால நிலா மாதிரி, தென்றல் மாதிரி இருக்கு ஈசன் திருவடி நிழல்னு பாடினாரு, தேவார வகுப்புக்கு போற நம்ம பிள்ளைங்க எல்லாம் முதல்ல மனப்பாடம் பண்ற பாட்டு அது. அப்புறம் திங்களூர்ல அப்பூதி அடிகள் என்ன செஞ்சாரு? அப்பர நேர்ல பாக்கறதுக்கு முன்னாடியே திருநாவுக்கரசு பேருல தண்ணீர் பந்தல் வச்சாரு. யோசிச்சுப் பாருங்க, சூளையில போடப்பட்டவர் பேருல குளிர்ந்த தண்ணி. பெரியபுராணத்துல இருக்கற விஷயம். லாஹூர்ல நடந்ததுக்கு பல நூறு வருஷம் முந்தி. நான் இத ஆன்ட்டிகிட்ட சொன்னேன், அவங்க ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அடுத்த வருஷத்துல இருந்து உங்க சுவாமி படத்தையும் கீழ கொண்டு வந்து வைன்னு சொன்னாங்க. நான் வைக்கல, ஏன்னா அது அவங்க குருவோட நாள். ஆனா முதல் கிளாஸ் ஊத்தறப்ப மனசுக்குள்ள ரெண்டு பேரையும் நினைச்சுக்குவேன்.

அதனால ஒண்ணு மட்டும் கவனம். இது தியாக நாள். ஹாப்பின்னு போட்டு மெசேஜ் அனுப்பாதீங்க, கலர் பலூன் கட்டாதீங்க, சினிமா பாட்டு போடாதீங்க. பாட்டு வேணும்னா கீர்த்தன், அவங்க பக்திப் பாட்டு, மெதுவா போடலாம்.

என்ன குடுக்கறது

கச்சி லஸ்ஸின்னு சொல்வாங்க. லஸ்ஸின்னு கேட்ட உடனே தயிர்னு நினைக்காதீங்க, தயிரே கிடையாது. கச்சின்னா பச்சை, அதாவது பால காய்ச்சாம, தண்ணி நிறைய விட்டு, சக்கரையும் ரோஸ் சிராப்பும் கலந்து ஐஸ் போட்டது. ரோஸ் சிராப்பும் பாலும் கலந்த நம்ம ஊர் சிராப் பண்டோங் குடிச்சவங்களுக்கு ருசி பழக்கமாத்தான் இருக்கும். ஆனா பண்டோங்ல கெட்டிப் பால், இனிப்பு ஜாஸ்தி, ஒரு கிளாஸ் குடிச்சா வயிறு நிறைஞ்சிடும். கச்சி லஸ்ஸி அப்படி இருக்கக் கூடாது. வெளிர் ரோஸ் கலர்ல, தண்ணி மாதிரி லேசா, தாகத்துக்கு மடக் மடக்னு குடிக்கற மாதிரி இருக்கணும். நம்ம ஆளுங்க கை தாராளம், இன்னும் கொஞ்சம் பால் ஊத்து, இன்னும் கொஞ்சம் சிராப் ஊத்துன்னு ஊத்தி பாயாசம் மாதிரி ஆக்கிடுவாங்க. வேணாம். குடிச்ச உடனே மறுபடி தாகம் எடுத்தா அது சபீல் இல்ல.

வீட்டுல முதல்ல சின்னதா செஞ்சு பாருங்க. பால் 1 லிட்டர், குளிர்ந்த தண்ணி ரெண்டரை லிட்டர், ஐஸ் அரை கிலோ, ரோஸ் சிராப் 150 மில்லி, சக்கரை 100 கிராம். இது 200 மில்லி கிளாஸ்ல ஏறக்குறைய 20 கிளாஸ் வரும். ருசி பிடிச்சுப் போச்சுன்னா அத பத்தால பெருக்குங்க, 200 பேருக்கு பால் 10 லிட்டர், தண்ணி 22-ல இருந்து 25 லிட்டர், ஐஸ் மட்டும் கொஞ்சம் கூட, 6, 7 கிலோ, சிராப் 750 மில்லி போத்தல் ரெண்டு, சக்கரை 1 கிலோ. பெரிய அளவுல செய்யறப்ப ஐஸ் உருகி தண்ணியாகும், அதனால தண்ணிய முதல்லயே முழுசா ஊத்தாம 22-லயே நிறுத்தி ருசி பாத்துட்டு அப்புறம் ஊத்துங்க. போன தடவ கப்பெல்லாம் சேத்து எங்களுக்கு 140 வெள்ளி (ரிங்கிட்) கிட்ட ஆச்சு.

கலக்கற வரிசை முக்கியம். சக்கரைய ஐஸ் தண்ணியில போட்டா கரையாது, அடியிலயே தங்கி கடைசி ஆளுக்கு மட்டும் பாகா போகும். முதல் நாள் ராத்திரியே ஒரு லிட்டர் சுடுதண்ணியில சக்கரைய கரைச்சு ஆற வச்சு ஃபிரிஜ்ஜுல வச்சிடுங்க, அந்த ஒரு லிட்டரையும் மொத்த தண்ணியிலதான் கணக்கு வைக்கணும். காலையில குளிர்ந்த தண்ணியில அந்த சக்கரை தண்ணிய விட்டு, சிராப்ப விட்டு நல்லா கலக்குங்க. கடைசியாத்தான் பால், அதுவும் ஃபிரிஜ்ஜுல இருந்து எடுத்த உடனே. சிராப்ப நேரா பால்ல ஊத்தாதீங்க, சில சிராப்புல சிட்ரிக் ஆசிட் இருக்கும், தண்ணி கலக்காம ஊத்தினா பால் திரிஞ்சு துகள் துகளா நிக்கும். எலுமிச்சம்பழம் பக்கத்துலயே வரக் கூடாது.

கச்சின்னு பேரு இருக்கறதுக்காக மாட்டுக் கொட்டகையில இருந்து பச்சைப் பால் வாங்கி அப்படியே ஊத்தாதீங்க. அந்த காலத்துல இந்த ஊர்ல பஞ்சாபிங்க மாடு வச்சு வீடு வீடா பால் ஊத்தினாங்க, அப்ப ஆளும் தெரியும் மாடும் தெரியும். இப்ப பாஸ்ச்சரைஸ் பண்ணின பால் வாங்குங்க. கொட்டகை பால்தான் கிடைக்குதுன்னா காய்ச்சி ஆற வச்சு ஃபிரிஜ்ஜுல வச்சு எடுங்க. எங்களுக்கு இப்ப ரொம்ப வசதியா இருக்கறது பெட்டியில வர்ற யூஎச்டி பால், பிரிக்கற வரைக்கும் வெளிய வச்சாலும் கெடாது, தேவைக்கு ஒண்ணொண்ணா பிரிச்சுக்கலாம். ருசி கொஞ்சம் கம்மிதான், ஆன்ட்டி முகம் சுளிப்பாங்க, ஆனா 200 பேரு வயித்து விஷயம் இது.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா ரெண்டாவது வருஷம் நடந்தது. ஆளுங்க நிறைய வருவாங்கன்னு காலையில 8 மணிக்கே மொத்தத்தையும் ஒரே தோங்குல, அதாவது பெரிய பீப்பாயில, கலந்து வச்சிட்டோம், ஐஸ் 10 மணிக்கெல்லாம் உருகிப் போச்சு, 12 மணிக்கு ஆன்ட்டி ஒரு வாய் குடிச்சு பாத்துட்டு கைய நீட்டி எல்லாரையும் நிறுத்துன்னு சொன்னாங்க. புளிச்சிருந்துச்சு. 20 லிட்டருக்கு மேல சாக்கடையில ஊத்தினோம். அவங்க ஊத்தறப்ப அழுதாங்க, எனக்கு இப்பவும் அந்த ரோஸ் கலர் தண்ணி ஓடுனது கண்ணுலயே நிக்குது. அதுல இருந்து நாங்க வச்சிருக்கற கணக்கு: ஒரு தடவைக்கு 10 லிட்டர்தான் கலப்போம், அது ஒரு மணி நேரத்துக்குள்ள தீரணும், மிச்சம் இருந்தா அடுத்ததோட சேக்கக் கூடாது. சக்கரை சிராப் தண்ணி தனியா, பால் கூலர் பாக்ஸ்ல தனியா. தோங்க இன்னொரு பெரிய தொட்டிக்குள்ள வச்சு சுத்தி ஐஸ் கொட்டுங்க, உள்ள போடற ஐஸ் கம்மியாகும், தண்ணி தண்ணியா போகாது.

ஐஸ் பத்தி ஒண்ணு. பாசார்ல மீனுக்கு போடற கட்டி ஐஸ் மலிவா கிடைக்கும், அத உடைச்சு போடாதீங்க. சாப்பாட்டுக் கடைங்களுக்கு பையில கட்டி வர்ற டியூப் ஐஸ் வாங்குங்க. அந்த பைய தரையில வைக்காதீங்க, கையால அள்ளாதீங்க, கரண்டி வையுங்க.

சப்ஜா விதை, இங்க செலாசின்னு கேட்டா தருவாங்க, போட்டா நல்லா இருக்கும். சாதா தண்ணியில 15 நிமிஷம் ஊற வச்சு உப்பின பிறகுதான் போடணும். சின்னப் பிள்ளைங்களுக்கும் ரொம்ப வயசானவங்களுக்கும் விதை போடாதத குடுங்க, தொண்டையில மாட்டிக்கும்.

சக்கரை வியாதிக்காரங்கள மறந்துடாதீங்க. நம்ம சனத்துல வீட்டுக்கு வீடு இருக்கு. அவங்க வந்து எனக்கு வேணாம்னு சொல்லிட்டு போறப்ப பாவமா இருக்கும். ஒரு ஜக்குல சக்கரை சிராப் ஒண்ணும் இல்லாம வெறும் பாலும் ஐஸ் தண்ணியும் ஒரு துளி பன்னீரும் கலந்து தனியா வையுங்க, பால் ஒத்துக்காதவங்களுக்கு வெறும் குளிர்ந்த தண்ணி வையுங்க. ரெண்டுக்கும் பேர் எழுதி ஒட்டிடுங்க. மலாய்க்காரங்க நிறைய வருவாங்க, அதனால பால், சிராப் ரெண்டுலயும் ஹலால் முத்திரை இருக்கறதா பாத்து வாங்கி அந்த போத்தல கண்ணுக்கு தெரியற மாதிரி மேசையில வையுங்க, அவங்களா கேக்க கூச்சப்படுவாங்க. திங்கள், வியாழன்ல சிலர் நோன்பு இருப்பாங்க, வேணாம்னா வற்புறுத்தாதீங்க. சபீல்ங்கற சொல்லே அரபியில இருந்து வந்ததுதான், ஸபீல்னா வழி, வழிப்போக்கனுக்கு வைக்கற தண்ணிக்கும் அதே பேரு. எங்க ஃபிளாட்டு பாக்சிக், அதாவது மலாய் பெரியவர், ஒருத்தர் அத கேட்ட உடனே ஸபீலில்லாஹ்தானே, ஆண்டவன் வழிதானேன்னு சொல்லி சிரிச்சுக்கிட்டே ரெண்டு கிளாஸ் வாங்கிட்டு போனாரு.

எங்க, எப்ப

ரோட்டு ஓரத்துல, கடைங்களுக்கு முன்னாடி இருக்கற ஐந்தடி வழி நடைபாதையில வைக்கணும்னா மாநகர் மன்றத்துல அனுமதி வேணும், அந்த அலைச்சல் முதல் வருஷமே வேணாம். ஃபிளாட்டா இருந்தா நிர்வாகத்துக்கு ஒரு லெட்டர் குடுத்து கீழ்த்தளத்துல வையுங்க. தரை வீடா இருந்தா உங்க கேட்டுக்கு உள்பக்கமே மேசை போட்டு வெளிய நீட்டி குடுக்கலாம். குருத்வாரா வாசல்ல அவங்களே வைக்கறாங்கன்னா இன்னும் நல்லது, போய் கை குடுங்க, பால் போத்தல் வாங்கிக் குடுங்க.

நேரம் காலையில 11-ல இருந்து மத்தியானம் 2 வரைக்கும். அந்த மாசத்துல இங்க சாயங்காலம் இடி மழை வந்துடும், மழையில யாரு ஐஸ் தண்ணி குடிப்பாங்க? பள்ளிக்கூடம் விடற நேரம், வேலைக்காரங்க சாப்பாட்டுக்கு இறங்கற நேரம், சாமான் கொண்டு வர்ற மோட்டார்காரங்க வர்ற நேரம் எல்லாம் அதுக்குள்ள வந்துடுது. குப்பை அள்ற அண்ணன்மாருங்க எங்க ஃபிளாட்டுக்கு 11 மணிக்கு மேல வருவாங்க, அவங்களுக்காகவே நாங்க 11-க்கு ரெடியா நிப்போம். பங்களாதேஷ், நேப்பாள் பையனுங்க காசு கேப்பாங்களோன்னு பயந்து தூரமா நின்னு பாப்பாங்க. ஃப்ரீன்னு போர்டு எழுதி வச்சா மட்டும் போதாது, நாமளே எடுத்துட்டு போய் குடுக்கணும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆன்ட்டி அர்தாஸ், அதாவது பிரார்த்தனை, சின்னதா சொல்வாங்க. எல்லாரும் செருப்ப கழட்டிட்டு தலைய மூடிக்கிட்டு கை கூப்பி நிப்போம். ஊத்தறவங்க எல்லாரும் தலையில துணி கட்டணும், கைக்குட்டையே போதும், அது மரியாதைக்கும் ஆச்சு முடி விழாம இருக்கவும் ஆச்சு. ரெண்டு கையாலயும் குடுங்க. கப்ப எடுத்துக்கோன்னு மேசையில வரிசையா வச்சிட்டு போன் பாத்துட்டு உக்காராதீங்க. குடிக்கறவங்கள போட்டோ எடுத்து போடறத நாங்க நிறுத்திட்டோம், தாகத்துக்கு வந்தவங்க முகத்த ஏன் போடணும். யாராவது காசு நீட்டினா வாங்காதீங்க, குடுத்தே ஆகணும்னா குருத்வாராவுல உண்டியல் இருக்குன்னு சொல்லுங்க. ரெண்டாவது தடவ வந்தா முகம் மாறாம ஊத்துங்க.

குருத்வாராவுக்கு போறப்ப

அந்த நாளைக்கு முன்னாடி 40 நாளா நிறைய குருத்வாராவுல சுக்மனி சாஹிப் படிப்பாங்க, குரு அர்ஜன் பாடினது, 24 பகுதி, ஒரு தடவ படிச்சு முடிக்க ஒன்றரை மணி நேரம் கிட்ட ஆகும். நீங்களும் போய் உக்காரலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. பினாங்குல பெருசு ஜாலான் குருத்வாராவுல இருக்கற வாடா குருத்வாரா சாஹிப், 1903-ல கட்டி முடிச்சது. அந்த ரோட்டுக்கு பழைய பேரு பிரிக் கில்ன் ரோடு, செங்கல் சூளை ரோடு. சூளை ரோட்டுல அந்த கோயில் நிக்கறது எனக்கு ஒவ்வொரு ஜேட் மாசமும் மனச தொடும். கோலாலம்பூர்ல இருக்கறவங்களுக்கு ஜாலான் ராஜா ஆலாங்ல தத் கால்சா குருத்வாரா இருக்கு.

செருப்ப விட்டுட்டு, கை கால் கழுவிட்டு, தலைய மூடிக்கிட்டு போங்க, ஆம்பளைங்களும் மூடணும், துணி இல்லன்னா அங்கயே வச்சிருப்பாங்க. சிகரெட் பாக்கெட் பையில கூட இருக்கக் கூடாது. குடிச்சிட்டு போகாதீங்க. தரையில உக்காரறப்ப குரு கிரந்த் சாஹிப் பக்கம் கால நீட்டாதீங்க, நம்ம கோயில்ல சன்னதி பக்கம் கால் நீட்டாத மாதிரிதான். கடா பிரசாத் ரெண்டு கையையும் குவிச்சு வாங்குங்க, கோதுமை மாவு, நெய், சக்கரை, கையெல்லாம் நெய்யாகும், வேணாம்னு சொல்லாதீங்க, கம்மியான்னு கேக்கலாம். அப்புறம் லங்கர், எல்லாருக்கும் இலவசமா போடற சாப்பாடு. வரிசையா உக்காரறத பங்கத்னு சொல்வாங்க, நம்ம பந்தி. தட்டுல போட்டத மிச்சம் வைக்காதீங்க. வீட்டுல இருந்து எதாவது கொண்டு போகணும்னா பருப்பு, மாவு, பால், சக்கரை கொண்டு போங்க, சமைச்ச பண்டம் கேக்காம கொண்டு போகாதீங்க, முட்டை போட்ட கேக் கூட கூடாது.

இன்னொண்ணு, நம்ம பெரியவங்க பழக்கத்துல வங்காளின்னு கூப்பிடுவாங்க. கல்கத்தாவுல கப்பல் ஏறி வந்ததால வந்த பேரு அது, அவங்க வங்காளம் இல்ல, பஞ்சாப். பிள்ளைங்களுக்கு பஞ்சாபின்னோ சீக்கியர்னோ சொல்லிக் குடுங்க, பேசறப்ப அங்கிள், ஆன்ட்டி போதும்.

ஜேட் மாசத்துல மத்ததெல்லாம்

சபீல் வைக்க முடியாதவங்களுக்கு சின்ன சின்ன வழக்கம் இருக்கு. பஞ்சாப்ல இந்துக் குடும்பங்க ஜேட் வளர்பிறை ஏகாதசிய, நிர்ஜலா ஏகாதசின்னு, தண்ணி கூட குடிக்காம இருப்பாங்க, அன்னைக்கு மண் பானை, பக்கின்னு சொல்ற கை விசிறி, முலாம்பழம் இதெல்லாம் தானம் பண்ணுவாங்க. தான் தண்ணி குடிக்காத நாள்ல அடுத்தவனுக்கு பானை குடுக்கறது. நான் இங்க விசிறிக்கு பதிலா எங்க ஃபிளாட்டு காவலாளி அண்ணனுக்கு ஒரு சின்ன மேசை ஃபேன் வாங்கிக் குடுத்தேன், அவர் உக்காந்திருக்கற கூண்டு அனலா இருக்கும். பஞ்சாப்ல வீட்டுல சத்துன்னு சொல்ற மாவ, வறுத்த பார்லிய அரைச்சது, வெல்லம் போட்டு குளிர்ந்த தண்ணியில கரைச்சு குடிப்பாங்க, லிட்டில் இந்தியாவுல தேடினா கிடைக்கும். நம்ம கூழ் குடிச்ச வயித்துக்கு ரொம்ப ஒத்துக்கும்.

தலைச்சன் பிள்ளைக்கு ஜேட் மாசத்துல கல்யாணம் வைக்காத பழக்கமும் சில குடும்பத்துல இருக்கு, ஜேட்னா மூத்ததுன்னு அர்த்தம் வர்றதால. ஆனா சீக்கிய மதத்துல நல்ல நாள் கெட்ட நாள் பாக்கறது இல்ல, பாரஹ் மாஹா கடைசியில ஆண்டவன் கருணை இருந்தா எல்லா மாசமும் எல்லா நாளும் நல்லதுன்னுதான் முடியும். உங்க பஞ்சாபி சினேகிதங்க வீட்டுல எப்படியோ அப்படி, நாம போய் இது உங்க வழக்கம்தானேன்னு சொல்லிட்டு நிக்க வேணாம்.

கடைசி வேலை கழுவறது. பால் பட்ட தோங்கையும் குழாயையும் உடனே கழுவலன்னா மறுநாள் நாத்தம் போகவே போகாது, குழாய கழட்டி உள்பக்கம் பிரஷ் விட்டு தேச்சு சுடுதண்ணி ஓட விடுங்க. மேசைக்கு கீழ சிந்தின இடத்துல ரெண்டு வாளி தண்ணி ஊத்தி தேய்ங்க, இனிப்புக்கு எறும்பு வந்துட்டா நிர்வாகம் அடுத்த வருஷம் இடம் தராது. காகிதக் கப்ப ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்கி கட்டிடுங்க, மூணு தெரு தள்ளி கெடந்தாலும் போய் பொறுக்கிட்டு வாங்க. அஞ்சாறு கிளாஸ் எப்பவும் மிச்சம் வச்சு எடுத்துட்டு மேல போவோம், ஆன்ட்டி வீட்டுல காலையில இருந்து நின்னவங்க எல்லாம் தரையில உக்காந்து அத குடிப்போம். அதுக்கு முன்னாடி ஒரு வாய் கூட அவங்க குடிக்க மாட்டாங்க.